திருப்பரங்குன்றத்தில் பேசிய சிங்களம்

பழைய கறுப்பு வெள்ளை மலாய்ப் படம் ஏதாவது தொலைக்காட்சியில் வந்தால், முதலில் ஓடும் பெயர்ப் பட்டியலைக் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். 1950-இல் வந்த ‘பக்தி’யை எடுத்துக்கொள்ளுங்கள். பி. ராம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படம். இயக்கம் எல். கிருஷ்ணன். அடுத்த ஆண்டில் வந்த ‘ஜுவித்தா’வுக்கு இயக்குநர் எஸ். ராமநாதன். 1952-இன் ‘மிஸ்கின்’ கே.எம். பாஸ்கருடையது. 1953-இன் ‘ஹூஜான் பானாஸ்’ பி.என். ராவுடையது. நடித்தவர்கள் மலாய்க்காரர்கள், பேச்சும் பாட்டும் மலாய். ஆனால் கேமராவுக்குப் பின்னால் நின்று “ஸ்டார்ட்” சொன்னவர்கள் தென்னிந்தியர்கள்.

பத்து பாகாட் போன்ற ஊரில் இதற்குத் தனிச் சுவை உண்டு. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள், லயங்களில் தமிழர்கள், ஆற்றோரக் கம்பங்களில் மலாய்க்காரர்கள், கடைத்தெருவில் சீனர்கள் என்று மூன்று மொழியும் கலந்து புழங்கிய ஜொகூர் மேற்குக் கரை ஊர் அது. அங்கே ஒரு மலாய்ப் படத்தைப் பார்க்கும் தோட்டத்துத் தமிழருக்கு மொழி முழுதாகப் புரியாவிட்டாலும் கதை புரிந்துவிடும். பணக்கார வீட்டுப் பெண், ஏழைப் பையன், வில்லன், நடுவில் கோமாளி, அழுகைக்கு ஒரு பாட்டு, சிரிப்புக்கு ஒரு பாட்டு. ஊரில் பார்த்த படத்தின் வாசம் அப்படியே வரும். வாசம் வந்ததில் வியப்பில்லை. சமையல்காரர் நம்மவர்.

இதே காலத்தில் வங்கக் கடலின் அந்தக் கரையில் இன்னொரு மொழியின் அடுப்பிலும் தமிழரே நின்றுகொண்டிருந்தார்கள். அந்த மொழி சிங்களம்.

1947 ஜனவரி 21. கொழும்பு மைலன் தியேட்டரில் ‘கடவுணு பொறொந்துவ’ என்ற படம் திரைக்கு வந்தது. பெயருக்கு ‘மீறப்பட்ட வாக்குறுதி’ என்று பொருள். திரையில் சிங்களம் பேசிக் கேட்பது இலங்கை மக்களுக்கு அதுவே முதல் தடவை. ஆனால் அந்தச் சிங்களம் ஒலிப்பதிவானது இலங்கையில் இல்லை. மதுரைக்குப் பக்கத்தில், முருகனின் ஆறுபடை வீடுகளில் முதலாவதாகச் சொல்லப்படும் திருப்பரங்குன்றத்தில், சித்ரகலா மூவிடோன் என்ற ஸ்டூடியோவில்.

தயாரிப்பாளர் எஸ்.எம். நாயகம், தமிழர். இயக்குநர் ஜோதிஷ் சிங், வங்காளி. கதை மட்டும் முழுக்க முழுக்க உள்ளூர்ச் சரக்கு. நீர்கொழும்பைச் சேர்ந்த பி.ஏ.டபிள்யூ. ஜயமான்ன நடத்திய மினர்வா நாடகக் குழு மேடையேற்றி, ஊர் ஊராகக் கைதட்டல் வாங்கிய நாடகம் அது. நாடகத்தில் நடித்தவர்களையே நாயகம் அள்ளிக்கொண்டு போனார். கதாநாயகி ருக்மணி தேவி, சிரிப்புக்கு எடி ஜயமான்ன, கூடவே பி.ஏ.டபிள்யூ.வும்.

அந்நாளில் கொழும்பிலிருந்து மதுரைப் பக்கம் போக எல்லோரும் நாடிய வழி போட் மெயில்தான். கொழும்புக் கோட்டையில் ரயிலேறி இரவோடு இரவாகத் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, மறுபடி ரயிலேறி ராமநாதபுரம் வழியாக மதுரைச் சீமை. இன்றைக்கு அந்தத் தனுஷ்கோடி ரயிலடியும் இல்லை, கப்பலும் இல்லை. ரயிலடியை 1964 டிசம்பர் புயல் கொண்டுபோய்விட்டது. அந்தப் பாதையில் கூலிகள் போனார்கள், வியாபாரிகள் போனார்கள், பக்தர்கள் போனார்கள், கடைசியாக ஒரு மொழியின் சினிமாவும் போய் வந்தது.

ஏன் அவ்வளவு தூரம்? காரணம் எளிது. இலங்கையில் அப்போது ஒரு பேசும் படத்தை எடுத்து முடிக்கும் ஸ்டூடியோ கிடையாது. ஒலி புகாத தளம், ஒலிப்பதிவுக் கருவி, பிலிம் கழுவும் லேப், செட் போடும் தச்சர்கள், பாட்டுக்கு வாத்திய கோஷ்டி என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைத்த மிக அருகான இடம் தென்னிந்தியா. படம் பார்க்கிற பழக்கம் மட்டும் இலங்கையில் வெகுநாள் முன்பே வேரூன்றியிருந்தது. 1901-இல் ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேக்கும் தீவில் அடைக்கப்பட்டிருந்த போயர் போர்க் கைதிகளுக்கும் காட்டியதுதான் அங்கே முதல் படக்காட்சி என்பார்கள். 1928-இல் சிற்றம்பலம் கார்டினர் சிலோன் தியேட்டர்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். அவரும் தமிழர்தான். தியேட்டர் இருந்தது, கூட்டம் இருந்தது, டிக்கெட் விற்றது. ஓடிய படங்கள் ஆங்கிலம், இந்தி, தமிழ். சொந்த மொழிப் படம் மட்டும் இல்லை.

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1925-இல் டி.ஏ.ஜே. நூர்பாய் என்பவர் ‘ராஜகீய விக்ரமய’ என்றொரு ஊமைப் படம் எடுத்தார். அதில் கதாநாயகன் யார் தெரியுமா? பிற்காலத்தில் இலங்கை இடதுசாரிகளின் பெருந்தலைவராகி நிதியமைச்சராகவும் இருந்த என்.எம். பெரேரா. அந்தப் படம் இந்தியாவில் காட்டப்பட்டது. சிங்கப்பூரிலும் காட்டப்பட்டது. ஆனால் இலங்கையில் திரையிடும் முன்பே தீயில் அழிந்தது. ஆக, இலங்கையின் முதல் கதைப் படத்தை இலங்கைக்காரர் பார்க்கவில்லை, மலாயாக் கரைக்காரர் சிலர் பார்த்திருக்கிறார்கள். சினிமா வரலாற்றில் இப்படி விசித்திரங்கள் ஏராளம்.

‘கடவுணு பொறொந்துவ’வின் நாயகி ருக்மணி தேவியின் கதையே தனிப் படம். 1923-இல் நுவரெலியா மாவட்டத்து ரம்பொடையில் பிறந்தபோது அவர் பெயர் டெய்சி டேனியல்ஸ். கொழும்புச் செட்டி வம்சத்துக் கிறிஸ்தவக் குடும்பம், அதாவது தமிழ் வேர். சிறுமியாக மேடையேறினார். 1930-களின் கடைசியில் எச்.எம்.வி. இசைத்தட்டில் புத்தகயாவைப் பற்றிய பாட்டொன்றைப் பாடி நாடறிந்த குரலானார். தமிழ் வேருள்ள கிறிஸ்தவப் பெண் புத்தர் பாட்டுப் பாடிச் சிங்களத் திரையின் முதல் ராணியானார். கூட நடித்த எடி ஜயமான்னவையே மணந்துகொண்டார். 1978-இல் கார் விபத்தில் அவர் இறந்தபோது இலங்கையே அழுதது.

அதே 1947-லேயே இரண்டாவது சிங்களப் படமும் வந்துவிட்டது. ‘அசோகமாலா’. இதன் பின்னால் இருந்தவர் சிலோன் தியேட்டர்ஸ் கார்டினர். சாந்தி குமாரும் டி.ஆர். கோப்புவும் இயக்க, கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்தார்கள். கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். எல்லாளனை வென்றவன் என்று சிங்கள வரலாறு கொண்டாடும் துட்டகைமுனுவின் மகன் சாலிய, தாழ்ந்த குலத்துப் பெண் அசோகமாலாவுக்காக அரியணையைத் துறந்த கதை. தமிழ் மன்னனை வீழ்த்தியவனின் வீட்டுக் கதைக்குத் தமிழ்த் தச்சர்கள் அரண்மனை கட்டினார்கள், தமிழ் எலெக்ட்ரீஷியன்கள் விளக்குப் போட்டார்கள். இசை முகம்மது கவுஸ். அந்தப் படத்தில் தலைகாட்டிய ஆல்பர்ட் பெரேரா என்ற இளம் வயலின் கலைஞர்தான் பின்னாளில் அமரதேவ என்ற பெயரில் சிங்கள இசையின் சிகரமானவர்.

அதே சென்ட்ரல் ஸ்டூடியோவில் அந்தச் சமயம் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த படம் ‘ராஜகுமாரி’. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படம். இலங்கையில், கண்டிப் பக்கம் பிறந்த பிள்ளை கோவையில் தமிழ் நாயகனாகிக்கொண்டிருந்த ஸ்டூடியோவில்தான் இலங்கையின் சிங்கள நடிகர்களும் மேக்கப் போட்டுக்கொண்டார்கள்.

இந்தச் செய்திகளைக் கேட்கிற தமிழர் நெஞ்சு நிமிரலாம். நிமிர்வதற்கு முன் இன்னொரு பெயர்ப் பட்டியலையும் பார்த்துவிட வேண்டும். 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ எங்கே எடுக்கப்பட்டது? பம்பாயில், ஆர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி தளத்தில். இயக்கியவர் எச்.எம். ரெட்டி. நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, எதிரே நின்றவர் தெலுங்கில் பதில் சொன்னார். சென்னையில் ஒலிப்பதிவு வசதியுள்ள ஸ்டூடியோ 1934-இல் ஏ. நாராயணன் ஸ்ரீநிவாசா சினிடோனைத் தொடங்கிய பிறகுதான் வந்தது. அதுவரையிலும், அதற்குப் பிறகு சில காலமும் தமிழ் நாடகக் கம்பெனிகள் மூட்டை முடிச்சோடு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கோலாப்பூருக்கும் ரயிலேறின. பல ஆண்டு கழித்து நீர்கொழும்புக் குழு மதுரைக்குப் போனது அதே வழக்கத்தின் தொடர்ச்சி. தமிழ் சினிமாவும் பிறர் வீட்டுத் திண்ணையில் பிறந்த பிள்ளைதான்.

இன்னும் பின்னால் போனால் தமிழ், சிங்களம், மலாய் என்ற மூன்று மொழித் திரைக்கும் பாட்டன் ஒருவரே. பார்சி நாடகக் கம்பெனிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பம்பாயிலிருந்து கிளம்பிய அந்தக் கம்பெனிகள் திரைச்சீலை ஓவியம், பளபளக்கும் உடை, ஆர்மோனியம், இடையிடையே பாட்டு என்ற கலவையைக் கடல் கடந்தும் கொண்டுபோயின. கொழும்பில் அது ‘நூர்த்தி’ நாடகமானது. 1911-இல் திறந்த டவர் ஹால் அதன் கோயில். பினாங்கில் அது ‘பங்சாவான்’ ஆனது. தமிழ்நாட்டில் ஸ்பெஷல் நாடகத்தின் காட்சி ஜோடனைக்குள் புகுந்தது. மினர்வா குழுவிலிருந்து சிங்களப் படத்துக்கு ஆள் போனதும், பங்சாவான் மேடையிலிருந்து மலாய்ப் படத்துக்கு ஆள் போனதும், பாய்ஸ் நாடகக் கம்பெனிகளிலிருந்து தமிழ்ப் படத்துக்கு ஆள் போனதும் ஒரே ஓட்டம்.

சிங்கப்பூரில் நடந்ததும் ஏறக்குறைய இதே கதைதான். முதல் மலாய்ப் பேசும் படமான ‘லைலா மஜ்னூன்’ படத்தை 1930-களின் முற்பாதியில் இயக்கியவர் பி.எஸ். ராஜ்ஹான்ஸ், பஞ்சாபி. பணம் போட்டது பம்பாயின் மோத்திலால் கெமிக்கல் கம்பெனி. போருக்குப் பிறகு, சிங்களத் திரை பிறந்த அதே 1947-இல், ஷா சகோதரர்கள் ஜாலான் அம்பாஸில் மலாய் பிலிம் புரொடக்‌ஷன்ஸைத் தொடங்கினார்கள். பெரும்பாலான இயக்குநர்களை இந்தியாவிலிருந்தே வரவழைத்தார்கள். புக்கிட் மெர்தாஜாமில் பாடிக்கொண்டிருந்த ஓர் இளைஞனைக் கண்டெடுத்து 1948-இல் சிங்கப்பூருக்கு அழைத்தவரும் ராஜ்ஹான்ஸ்தான். அந்த இளைஞன் பி. ராம்லி.

தமிழில் ‘ரம்பையின் காதல்’ எடுத்த பி.என். ராவ் இங்கே வந்து 1957-இல் ‘பொந்தியானாக்’ எடுத்தார். மரியா மெனாடோ நடித்த அந்தப் பேய்ப் படம் மலாயாவை உலுக்கியது. மலாய்க் கம்பத்துப் பேயைத் திரைக்குக் கொண்டுவந்ததும் தென்னிந்தியக் கைதான்.

மலாய் அறியாத இயக்குநர்கள் பலர். அவர்கள் எழுதிய காட்சியை மலாய் உதவி இயக்குநர்கள் மொழிபெயர்த்து நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படித் தொழில் கற்ற உதவியாளர்களில் ஒருவர் ஜமீல் சூலோங், பின்னாளில் பெயர் பெற்ற இயக்குநர்.

சிங்களத்தில் நாயகம் ஒரு படத்தோடு நிற்கவில்லை. 1950-களின் தொடக்கத்தில் கொழும்புக்கு வடக்கே கந்தானையில் சொந்த ஸ்டூடியோ கட்டினார். பெயர் ஸ்ரீ முருகன் நவகலா. திருப்பரங்குன்றத்து முருகன் கந்தானைக்குக் குடிவந்தான் என்று வைத்துக்கொள்ளலாம். 1952-இல் அங்கே உருவான ‘பண்டா நகரயட்ட பமிணீம’ இலங்கை மண்ணிலேயே ஸ்டூடியோவில் எடுக்கப்பட்ட முதல் சிங்களப் படங்களில் ஒன்று. பட்டிக்காட்டான் பட்டணம் வந்த கதை. தமிழ்நாட்டுச் சினிமாக்காரர்கள் இப்போது எதிர்த்திசையில் போட் மெயில் ஏறினார்கள். நாகர்கோவில்காரரான ஆர். முத்துசாமி இலங்கையிலேயே தங்கிச் சிங்களப் படங்களுக்கு இசையமைத்தார். சேலத்தில் பிறந்த முகைதீன் பேக், இஸ்லாமியர், பௌத்த பக்திப் பாடல்களுக்கே அடையாளக் குரலானார். மதுரைக்காரர் ஏ.பி. ராஜ் பத்தாண்டுக்கு மேல் அங்கிருந்து சிங்களப் படங்களை இயக்கினார். பிறகு மலையாளத்துக்குப் போனார். தமிழ்ப் படங்களில் அம்மா வேடத்துக்கென்றே பிறந்தவர் போல் நடிக்கும் சரண்யா பொன்வண்ணன் அவருடைய மகள்.

தியேட்டர் உரிமையாளர் கே. குணரத்தினமும் படத் தயாரிப்பில் இறங்கினார். அவருடைய கம்பெனியின் 1953-ஆம் ஆண்டு ‘சுஜாதா’ பெரிய வெற்றி. ‘படீ பெஹன்’ என்ற இந்திப் படத்தின் தழுவல் அது. இங்கேதான் கதையின் கசப்பான பக்கம் தொடங்குகிறது.

தென்னிந்திய ஸ்டூடியோ சிங்களப் படத்துக்கு உடம்பைக் கொடுத்தது. கூடவே தன் நோயையும் கொடுத்தது. அட்டையில் வரைந்த கிராமம், அட்டை மரம், அட்டை நிலா. தமிழிலோ இந்தியிலோ ஓடிய கதைக்குச் சிங்களப் பெயர். இந்தி மெட்டுக்குச் சிங்கள வார்த்தை. புடவையும் நடனமும் வசன ராகமும் மதராஸ் பாணி. தன் வயலும் தன் குளமும் தன் பௌத்த விகாரையும் திரையில் எப்படி இருக்கும் என்று ஒரு சிங்கள விவசாயி பார்த்ததே இல்லை. சிறிசேன விமலவீர போன்றவர்கள் இதை எதிர்த்துச் சொந்த முயற்சியில் இறங்கினார்கள். அவருடைய ‘அம்மா’ 1949-இல் வந்தது. அந்தத் தலைப்பைத் தமிழருக்கு மொழிபெயர்க்க வேண்டியதில்லை. பிறகு கிரிபத்கொடையில் நவ ஜீவன என்ற ஸ்டூடியோவும் கட்டினார்.

உடைப்பு வந்தது 1956 டிசம்பரில். அரசாங்கத் திரைப்படப் பிரிவிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்த மூன்று பேர், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்த, ‘ரேகாவ’ என்ற படத்தை எடுத்தார்கள். உள்ளங்கை ரேகை பார்த்து விதி சொல்லப்பட்ட ஒரு கிராமத்துச் சிறுவனின் கதை. ஸ்டூடியோவுக்குள் காலே வைக்கவில்லை. நிஜ வெயில், நிஜக் கிராமம். 1957-இல் கான் திரைப்பட விழாவுக்குப் போனது. ஊரில் கூட்டம் வரவில்லை, கையைக் கடித்தது. ஆனாலும் சிங்களப் படம் இனி மதராஸ் பாணியில் உருவாக வேண்டியதில்லை என்பது அன்றோடு உறுதியாகிவிட்டது. பீரிஸின் ‘கம்பெரலிய’ 1965-இல் டெல்லி விழாவில் தங்க மயில் வாங்கியது.

ஜாலான் அம்பாஸில் இதே திருப்பம் ஓராண்டு முன்னதாகவே நடந்திருந்தது. 1955-இல் ராம்லி முதன்முதலாக இயக்கிய ‘பெனாரேக் பெச்சா’, சைக்கிள் ரிக்‌ஷாக்காரன் ஒருவனின் கதை. இந்திய இயக்குநர்கள் பார்த்த மலாய் வாழ்க்கைக்கும் மலாய்க்காரர் பார்த்த மலாய் வாழ்க்கைக்கும் உள்ள தூரம் அதில் தெரிந்தது. ஆசானிடம் தொழில் கற்றவன் ஆசானைத் தாண்டினான். தாண்டுவதுதான் முறை.

இதில் தமிழர் வருத்தப்பட ஒன்றுமில்லை. சிங்களக் கிராமத்தைத் தமிழரால் பார்க்கவே முடியாது என்பதும் சரியில்லை. 1961-இல் வந்த ‘குருலு பெத்த’ இன்றைக்கும் நல்ல கிராமியப் படம் என்று சிங்கள ரசிகர்கள் போற்றும் படம். கதை பி.கே.டி. செனவிரத்ன, இயக்கம் எல்.எஸ். ராமச்சந்திரன். கோளாறு ஆளின் மொழியில் இல்லை, அச்சில் வார்த்த கதையில் இருந்தது.

வருத்தப்பட வேண்டியது வேறு. ‘ரேகாவ’ வந்த அதே 1956-இல்தான் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்தது. சினிமாவில் சொந்தக் குரல் தேடியது நியாயம். அரசியலில் அதே தேடல் அடுத்தவன் குரல்வளையைப் பிடித்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளையில் இருந்த குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ கொளுத்தப்பட்டது. சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் கொழும்பில் கொல்லப்பட்டார். எரிந்த பிலிம் சுருள்களில் தமிழனது எது, சிங்களவனது எது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பிரித்திருக்க முடியாது. ஆறு ஆண்டு கழித்து, 1989-இல், குணரத்தினமும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மலாயாவில் பிரிவு இவ்வளவு கொடூரமாக நடக்கவில்லை. எல். கிருஷ்ணன் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூர் வந்து, பட முதலாளி ஹோ ஆ லோக்குடன் சேர்ந்து 1960-இல் உலு கிள்ளானில் மெர்டேக்கா ஸ்டூடியோவை நிறுவினார். தன் முதல் நாயக வேடத்துக்கு இயக்குநராக இருந்தவரின் அந்த ஸ்டூடியோவுக்கே ராம்லியும் 1964-இல் வந்து சேர்ந்தார். ஜாலான் அம்பாஸ் 1967-இல் மூடப்பட்டது. கிருஷ்ணனுக்கு மலேசியா டத்தோ பட்டம் கொடுத்தது. மலாய்ப் படவுலகம் அவரைத் தன் முன்னோடிகளில் ஒருவராகவே வைத்திருக்கிறது.

தமிழர் பக்கம்தான் இந்தப் பெயர்கள் கணக்கில் வராமல் போயின. தமிழ் சினிமா வரலாற்று நூல்கள் மதராஸ், சேலம், கோவை என்று சுற்றி நின்றுவிடுகின்றன. நாயகத்துக்கும் ராமச்சந்திரனுக்கும் கிருஷ்ணனுக்கும் பாஸ்கருக்கும் அங்கே கிடைப்பது அதிகம் போனால் ஒரு வரி. அவர்கள் தமிழில் எடுக்கவில்லை என்பதால் தமிழருடைய வரலாறு இல்லை என்றாகிவிடுமா? ரப்பர்ப் பால் வெட்டியவர்களையும் தண்டவாளம் போட்டவர்களையும் நம் வரலாறு என்று எழுதும் நாம், பிறமொழிக்குப் படம் எடுத்துக்கொடுத்தவர்களையும் அதே பேரேட்டில் ஏற்ற வேண்டும்.

பத்து பாகாட், மூவார், குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகளைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்தப் படம், எந்த மொழி, யார் காட்டினார்கள், கட்டணம் இருந்ததா, பாய் விரித்து உட்கார்ந்தார்களா என்று கேட்டு, கைப்பேசியிலாவது பதிவுசெய்து வையுங்கள். அடுத்த தடவை ‘பக்தி’ தொலைக்காட்சியில் வந்தால், எல். கிருஷ்ணன் என்ற பெயர் ஓடும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.